வேலியடியில் விட்டுவந்த குழந்தை

ஸ்லைகோ
செவ்வாய்க்கிழமை, விடாத தூறல்

என் மதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அக்கா அட்ராக்டாவுக்கு,

தங்கை டெர்வ்லா எழுதுவது. உன் இடது காலும், அந்தக் காலைச் சுற்றியிருக்கும் மாவுக்கட்டும், அந்த மாவுக்கட்டைக் காட்டியே ஊரில் எல்லாரையும் வேலை வாங்கும் நீயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னைத் தள்ளிவிட்ட கன்றுக்குட்டியை நான் விசாரித்ததாகச் சொல். கோழிகள், பங்குச் சாமியார், பக்கத்துப் பண்ணைக்காரரின் முட்டிவலி ஆகியவை நீ நேற்று போனில் சொன்ன நிலையிலேயே இன்றும் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

தினமும் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேசவிடுவதில்லை என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், என் மகள் ரோஷீனின் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து நீ ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்கும் இரண்டு கேள்விகள். “பிள்ள பத்திரமா இருக்கானா?” என்கிறாய். “பத்திரமாத்தான் இருப்பான்” என்கிறேன். “தலை விழுந்துச்சா?” என்கிறாய். “விழுந்துச்சு” என்கிறேன். “அப்ப எனக்கும் வெயில்தான்” என்று சொல்லி போனை வைத்துவிடுகிறாய். என் இரண்டு பதில்களும் பொய்யில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவில் ஒரு மாடு படுத்திருக்கும் அளவுக்கு இடம் இருக்கிறது, அதை நிரப்பவே இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததையே முதலில் சொல்கிறேன், ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைச் சொன்னாள் என்று நீ பிறகு குறை சொல்லாமல் இருப்பதற்காக. நம் வீட்டுக் குழந்தை இயேசு சுரூபம் ஒரு முழ உயரம், சிவப்பு அங்கி, தலையில் கிரீடம், ஆசீர்வதிக்கும் கையில் ஒரு விரல் குறைவு. கல்யாணத்துக்கு முதல்நாள் அவரை வீட்டுக்கு வெளியே வேலியடியில் வைத்தால் மறுநாள் மழை வராது. அவர் தலை தானாகக் கழன்று விழுந்துவிட்டால் வெயில் நிச்சயம். யாரும் கையால் உடைக்கக் கூடாது, தானாக விழவேண்டும். அம்மாவின் கல்யாணத்தில் விழுந்தது, என் கல்யாணத்தில் விழுந்தது, சித்திகள் கல்யாணங்களில் விழுந்தது, ஒவ்வொரு தடவையும் அப்பா தச்சுப் பசையால் அதை ஒட்டிவைத்தார். நான் கல்லையும் மலையையும் பற்றிக் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள். நம் நாட்டில் மழை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அது மேற்கிலிருந்து, கடலிலிருந்து, யார் வீட்டு வேலியையும் பார்க்காமல் வருகிறது. இருந்தாலும் கல்யாணத்துக்கு வரமுடியாத நீ, கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டிவைத்தபடி, அவரைப் பழைய போர்வையில் சுற்றி என் கையில் கொடுத்து, “அடுத்த மாசம் எனக்கு வேணும். இவன் வேலியடியில நிக்காம நான் கோயில் படி ஏற மாட்டேன்” என்று சொன்னபோது நான் மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். காரணம் உனக்கே தெரியும். மாலகி உன்னைப் பெண் கேட்டுப் பத்தொன்பது வருஷமாகிறது. முதலில் அவருடைய அம்மா இருந்தார்கள். பிறகு நம் அப்பா இருந்தார். இருவரும் போன பிறகு கூரை ஒழுகியது, கூரை மாற்றிய வருஷம் மாடுகளுக்கு நோய் வந்தது, மாடுகள் தேறிய வருஷம் உனக்கு மனசு சரியில்லை. இப்போதுதான் தேதி, சாமியார், கேக் மூன்றும் ஒன்றாக அமைந்திருக்கின்றன. இந்தச் சமயத்தில் உன் கையில் ஒரு காரணத்தைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. அதனாலேயே இவ்வளவு நாள் எழுதவில்லை.

ரோஷீன் கல்யாணத்தை டோனகலில் அந்தத் தேசியப் பூங்காவில்தான் வைத்துக்கொள்வேன் என்று அடம்பிடித்தது உனக்குத் தெரியும். கோட்டைக்குப் பின்னால் சுவர் எழுப்பிய பழைய தோட்டத்தில், திறந்த வெளியில். மழை வந்தால் எங்கே போவது என்று கேட்டதற்குப் பூங்காக்காரர்கள் பணிவாகப் பதில் அனுப்பியிருந்தார்கள்: எங்கும் போகமுடியாது. புல்தரை பழையது, அதில் கூடாரம் அடிக்கக் கூடாது. கோட்டை அறைகள் சிறியவை, தொண்ணூறு பேர் கொள்ளாது. பூத்தூவல் கூடாது, மெழுகுவர்த்தி கூடாது, தோட்டத்தில் எந்தப் பொருளையும் வைத்துவிட்டு வரவும் கூடாது. இந்தக் கடைசி வரிக்காகத்தான் முதல்நாள் மத்தியானம் நானும் என் வீட்டுக்காரர் கோர்மக்கும் அங்கே போனபோது பிள்ளையைப் போர்வையோடு தோளில் சாய்த்துக்கொண்டு போனேன். காரை வாசலில் விட்டுவிட்டு ஏரிக்கரையோடு பூங்காவின் பஸ்ஸில்தான் போகவேண்டும். எனக்கு எதிரே மோனகன் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, மடியில் காகிதத்தில் சுற்றிய சான்ட்விச்சோடு உட்கார்ந்திருந்தாள். என் நரைத்த முடியைப் பார்த்தாள், போர்வையைப் பார்த்தாள், மறுபடி முடியைப் பார்த்தாள்.

“ஆண்டவர் எப்ப குடுக்கறாரோ அப்பத்தானே” என்றாள்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு பிரியமாகப் பேசுகிறவளை எப்படித் திருத்துவது? “ஆமாங்க” என்றேன்.

“பையனா, பொண்ணா?”

“பையன்.”

“சத்தமே இல்லையே. பாலுக்கு அழ மாட்டானா?”

“ரொம்ப சாது.”

“அப்பா ஜாடையா?”

கோர்மக் ஜன்னல் பக்கம் திரும்பி ஏரியைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. “அம்மா ஜாடைன்னுதான் எல்லாரும் சொல்றாங்க” என்றேன்.

“மூஞ்சிய மூடியே வெச்சிருக்கீங்களே, காத்து வேணாமா குழந்தைக்கு” என்று சொல்லிக்கொண்டே அவள் கை நீட்டிப் போர்வையை விலக்கினாள். கிரீடம் தெரிந்தது, பிறகு கழுத்தைச் சுற்றிப் பழுப்புப் பசை தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நாளைக்கா கல்யாணம்?” என்றாள்.

“பொண்ணுக்கு.”

“கழுத்து எத்தன தடவ போயிருக்கு?”

“எங்க குடும்பத்துல எல்லா கல்யாணத்துக்கும்.”

“அப்ப கவலய விடுங்க” என்றாள். அதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. கிழக்கே பார்த்து வை என்றார் ஒருவர். அடியில் ஒரு காசு வை என்றார் இன்னொருவர். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, “நான் எதையும் கேக்கலைங்க, எனக்குக் காது மந்தம்” என்றார்.

அக்கா, அந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அது ஏன் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்ததுபோல் அவ்வளவு நேராக இருக்கிறது என்பதற்கு என்னிடம் விளக்கம் இருக்கிறது. கரும்பலகையில் படம் போட்டு வருஷா வருஷம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், பனிப்பாறை, பிளவு, கருங்கல் எல்லாம் அதில் வரும். பஸ் அந்தத் திருப்பத்தில் திரும்பியதும் அந்தப் படம் என் தலையிலிருந்து சத்தமில்லாமல் இறங்கிப் போய்விட்டது. இரண்டு பக்கமும் மொட்டை மலை, மேகம் மலையின் தோளில் உட்கார்ந்திருக்கிறது, கீழே கடுங்காப்பி நிறத்தில் ஏரி, மனித வாடையே இல்லை. பழுப்பும் சாம்பலும் தவிர வேறு நிறமே இல்லாத அந்த இடத்தில் ஏரிக்குள் ஒரு கால் வைத்தாற்போல் கோட்டை. பஸ்ஸில் எல்லாரும் ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். சான்ட்விச்காரிகூட மெல்லுவதை நிறுத்தினாள்.

“இந்தக் கோட்டைக்காரன் இங்க குடியிருந்தவங்களக் குடும்பம் குடும்பமாத் தொரத்திட்டுத்தான் இதைக் கட்டினான். உங்க ஆளுங்களையும் தொரத்தினானா?” என்று ஓட்டுநர் கேட்டார்.

“எங்க அம்மா வழியில தொரத்தியிருக்காங்க. இவன் இல்ல, இவன மாதிரி இன்னொருத்தன்.”

“எங்க ஆளுங்கள இவனேதான். பனியில கதவைப் பேத்து வெளிய தள்ளினான்.” கொஞ்சநேரம் வண்டியை ஓட்டினார். “ஆனா தோட்டம் நல்லா இருக்கும், பாருங்க.”

நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குச் சங்கடம். கோட்டைக்குள் ஒருசுற்று போனோம். மான்கொம்பு இல்லாத ஒரு சுவரைக்கூடப் பார்க்கவில்லை. விளக்குக்குக் கொம்பு, நாற்காலிக்குக் கொம்பு, மேஜைக்குக் கொம்பு. இந்த வீட்டில் இருட்டில் நடந்தால் உடம்பில் ஓட்டை விழும் என்றார் கோர்மக். பிறகு பின்பக்கத்துக் கதவைத் திறந்து தோட்டத்துக்குள் காலெடுத்து வைத்தேன், அப்படியே நின்றுவிட்டேன். வெளியே ஒரு முள்செடிகூட நிமிர்ந்து நிற்க முடியாத காற்று, உள்ளே பனைமரம். அக்கா, டோனகலில், பனைமரம். ஆளைவிட உயரமான பெரணி மரங்கள், உலகத்தின் அடுத்த முனையிலிருந்து வந்த சிவப்புப் பூ மரங்கள், முட்டைக்கோசுக்குப் பக்கத்தில் ரோஜா, ரோஜாவுக்குப் பக்கத்தில் லீக்ஸ் வெங்காயத்தாள், ஏதோ இவையெல்லாம் பிறந்ததிலிருந்து சேர்ந்து வளர்ந்ததுபோல. அப்படிப்பட்ட பாவி இப்படிப்பட்ட இடத்தை எழுப்பி, அவனுக்குப் பிறகு வந்தவர்கள் அதில் பூவை நட்டு, கடைசியில் அது துரத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்ளும் இடமாகிவிட்டது. நான் எளிதில் வாய் பிளக்கிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். கோர்மக் என் கையிலிருந்து பிள்ளையை மெதுவாக வாங்கிக்கொண்டு, “கீழ போட்டுடப் போற” என்றார்.

சுவர்த் தோட்டத்தின் ஓரத்தில் கரும்பச்சையாக ஒரு யூ மர வேலி, ஆள் உயரத்துக்கு. யாரும் இல்லாத நேரம் பார்த்து அதன் அடியில் குனிந்தேன். பின்னால் கத்தரிக்கோல் சத்தம் நின்றது. பார்த்தால் தலைமைத் தோட்டக்காரர். மனுஸ் என்று சட்டையில் பெயர் தைத்திருந்தது, கதவளவு மனிதர்.

“தேடறீங்களா, வைக்கறீங்களா?” என்றார்.

“வைக்கறேன்.”

“இங்க எதையும் வைக்கக் கூடாது. விதி.”

“தெரியும்.”

“தெரியுமில்ல. அப்ப நான் பாக்கல.” இரண்டடி போனவர் திரும்பி வந்தார். “அந்த முனையில வைக்காதீங்க, மான் உள்ள வந்தா முட்டிடும். இந்தப் பக்கம் வைங்க. மத்தவங்களோட.”

மற்றவர்கள் யார் என்று கேட்காமல் அவர் காட்டிய இடத்தில் கிளையை விலக்கினேன்.

வேலியின் அடியில், உதிர்ந்த ஊசியிலைகளின் மேல், வரிசையாகக் குழந்தை இயேசுக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டு இல்லை, கிளையை விலக்க விலக்க வந்துகொண்டேயிருந்தார்கள். சிலருக்குக் கிரீடத்தில் பாசி, சிலருக்கு அங்கி வெளுத்துப் போய்ச் சிவப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை, ஒருவரின் காலடியில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. எல்லாருக்கும் ஒரே முகம். எல்லாரும் கையைத் தூக்கி ஆசீர்வதித்துக்கொண்டு நிழலில் நின்றார்கள், யார் யாரோ அம்மாக்கள் ஒரே ஒரு நாள் வெயிலைக் கேட்டுக் கொண்டுவந்து வைத்தவர்கள்.

“கல்யாணம் முடிஞ்ச சந்தோஷத்துல மறந்துட்டுப் போயிடறாங்க” என்றார் மனுஸ். “நான் என்ன செய்ய, குப்பையில போடவா? எங்கம்மா என்னைக் கொன்னுடுவா.”

“மேலதிகாரிங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“அதோ, கடைசியில நிக்கறாரு பாருங்க, நீலக் காலர் வெச்சவரு. அது மேலதிகாரி வீட்டோடது.”

நான் ஈரத்தில் முழங்காலை ஊன்றி அப்படியே இருந்தேன். பெரிய கோயில்களுக்கெல்லாம் நீ என்னைக் கூட்டிப்போயிருக்கிறாய், அங்கெல்லாம் எனக்குக் கால்தான் வலித்திருக்கிறது. இங்கே என்னையறியாமல் கை நெற்றிக்குப் போனது. நம் பிள்ளையை நடுவில் ஒரு இடைவெளியில், கிழக்கே பார்த்து, அடியில் ஒரு காசோடு வைத்தேன். என் தவறு அங்கேதான் ஆரம்பித்தது, ஓரத்தில் வைத்திருக்கவேண்டும்.

மறுநாள் விடியும்போதே மழை. சாதாரண மழை இல்லை, பக்கவாட்டில் வரும் டோனகல் மழை. விருந்தினர்கள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தொப்பிகள் செத்துப்போயிருந்தன. மாப்பிள்ளை ஃபெலிமின் அம்மா என்னைப் பார்த்து, “ரொம்ப அழகான இடம், தெரியற வரைக்கும்” என்றாள். ரோஷீன் கோட்டை அறையில் ஜன்னலோரம் வெள்ளை உடுப்போடு உட்கார்ந்து, என்னிடம் முகத்தைக் காட்டாமல், “அம்மா, ஏதாவது சொல்லு” என்றாள். வானிலை பற்றி இருபத்தைந்து வருஷமாக எல்லாருக்கும் விளக்கம் சொல்கிற நான், “வேலியடியில வெச்சிருக்கேன்டி” என்றேன். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். என் வாயிலிருந்து அது வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

குறித்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் தோட்டத்துக்கு மேலே மேகம் விலகியது. நான் மிகைப்படுத்துகிற ஆள் இல்லை, கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். ஏரிக்கு அக்கரையில் மழை சாம்பல் நிறச் சுவர்போல நின்றது. கோட்டைக்கு முன்பக்கம் மழை. மலைமேல் மழை. அந்த நான்கு சுவருக்குள் மட்டும் வெயில், முட்டைக்கோசு இலைகளில் தங்கியிருந்த நீர் ஒவ்வொன்றும் விளக்குப்போல எரிய, நனைந்த தொண்ணூறு பேரும் ஆவி பறக்க நின்றோம். ரோஷீன் அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு ரோஜாவுக்கும் லீக்ஸுக்கும் நடுவே நடந்து வந்தாள். ஒருவரும் தும்மக்கூட இல்லை.

“காத்து மலையில மோதி ஏறும்போது இந்தப் பக்கம் மழை மறைவு வரும். இயற்கைதான்” என்று பக்கத்தில் வந்து நின்ற கோர்மக்கிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அப்படியா” என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் சொல்லிவரும் அதே அப்படியா.

இருவரும் சம்மதம் சொன்ன அந்த நிமிஷத்தில் வேலிக்குள்ளிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. மனுஸ் தொப்பியைக் கழற்றினார். எங்கள் பக்கத்து உறவுகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சுவிட்டார்கள். ஃபெலிமின் அம்மா, “எலியா?” என்று கேட்டாள்.

எல்லாரும் கோட்டைக்குள் தேநீருக்குப் போனபிறகு நான் வேலிக்குப் போனேன். அக்கா, இனி நான் எழுதுவதைக் காலைக் கீழே வைக்காமல் படி. ஒரு தலை உதிர்ந்து இலைமேல் கிடந்தது. வரிசையில் ஒரே ஒருவர் தலையில்லாமல் நின்றார். நடுவில்தான் நின்றார், நான் வைத்த இடம் போலத்தான் இருந்தது. ஆனால் முதல்நாளுக்கும் மறுநாளுக்கும் இடையில் இன்னும் சில அம்மாக்கள் வந்துபோயிருக்கவேண்டும், மான் ஒன்று மோப்பம் பிடித்திருக்கவேண்டும், வரிசை மாறியிருந்தது. அடையாளம் பார்க்கலாம் என்றால், எல்லாருக்கும் ஒரு விரல் குறைகிறது, அந்த விரல்தான் முதலில் போகும்போலிருக்கிறது. கழுத்துப் பசை பார்க்கலாம் என்றால், இந்த நாட்டில் எல்லா அப்பாக்களும் ஒரே கடையில் ஒரே பழுப்புப் பசையைத்தான் வாங்கியிருக்கிறார்கள். காசைப் பார்க்கலாம் என்றால், எல்லார் காலடியிலும் இலைகளுக்கு நடுவே காசு கிடந்தது. அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? இன்று நம் வீட்டுக் கல்யாணம், இன்று வெயில் அடித்தது, இவர் தலை விழுந்தது, ஆகவே இவர்தான் நம்முடையவர் என்று முடிவு செய்தேன். என் மாணவர்கள் பரீட்சையில் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையால் அடித்து, பக்கத்தில் ‘எப்படித் தெரியும்?’ என்று எழுதியிருப்பேன். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. தலையையும் உடம்பையும் போர்வையில் சுற்றிக்கொண்டு, பெருமையாகக்கூட, வந்துவிட்டேன்.

இரண்டுநாள் கழித்து, அப்பாவின் பசை டப்பாவை எடுத்துவைத்துக்கொண்டு தலையை ஒட்டுவதற்காக அவரைக் கவிழ்த்தேன். அடியில் ஆணியால் கீறி எழுதியிருந்தது: மக்கின்லி வீடு.

நம் பிள்ளை அங்கேயே நிற்கிறான். யாரோ மக்கின்லி வீட்டுப் பிள்ளை என் சமையலறை மேஜையில் இருக்கிறான். நம் கல்யாணத்துக்கு வெயில் கொடுத்தவன் நம் பிள்ளையே இல்லை என்பதும் இதில் அடக்கம். கோர்மக்கிடம் சொன்னபோது, “நம்ம பையன் அங்க மூணாவது மனுஷனா நின்னு வேடிக்கை பாத்திருக்கான்” என்றார். திரும்பப் போய்த் தேடலாம், ஆனால் தேடினாலும் எனக்கு எது நம்முடையது என்று தெரியப்போவதில்லை. உனக்குத்தான் பார்த்தவுடன் தெரியும். சின்ன வயதில் அம்மா அவருக்குத் தூசி துடைக்கும் வேலையை உனக்குத்தான் கொடுத்தாள், எனக்குக் கொடுக்கவில்லை. நீயோ மாவுக்கட்டோடு இருக்கிறாய். மக்கின்லி பிள்ளையின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு உன்னிடம் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு மாலை யோசித்தேன். உப்புத்தாளைக் கையில் எடுத்தேன். ஒட்டிவைத்த தலையோடு அவர் என்னைப் பார்த்து ஆசீர்வதித்துக்கொண்டிருந்தார், வைத்துவிட்டேன்.

ஆகவே அக்கா, பிள்ளை தொலைந்துபோனான் என்றே வைத்துக்கொள். கேட்பது ஒன்றுதான், இதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைக்காதே. மழை பெய்தால் பெய்துவிட்டுப் போகட்டும். மாலகி மாட்டுக்காரர், நனைந்து பழகியவர். நீ தள்ளிவைப்பதென்று முடிவு செய்தால் வேறு ஏதாவது காரணம் சொல், என் பெயரால் வேண்டாம். மாலகிக்கு இது எதுவும் தெரியாது. நீயும் சொல்லிவிடாதே.

உன் கால் சீக்கிரம் கூடட்டும். கோழிகள் நிறைய முட்டை இடட்டும். உன்னைச் சுற்றியிருக்கிற எல்லாரும் உன் பேச்சைக் கேட்கட்டும், அது எப்படியும் நடக்கிற காரியம்தான். ரோஷீனும் ஃபெலிமும் உன் காலைத் தொடாமல், மாவுக்கட்டைத் தொட்டு வணக்கம் சொல்லச் சொன்னார்கள். கோர்மக்கும் விசாரித்தார், அதாவது நான் உனக்கு எழுதுகிறேன் என்றதும் தலையை ஆட்டினார்.

என்றும் உன் அன்புத் தங்கை
டெர்வ்லா

பின்குறிப்பு, வியாழக்கிழமை: மேலே எழுதியதில் மாலகியிடம் சொல்லாதே என்ற வரியை அடித்துவிடு. பிள்ளை தொலைந்தான் என்ற வரியையும்.

கடிதத்தைத் தபாலில் போட மனம் வராமல் மேஜையில் வைத்திருந்தேன். செவ்வாய் மாலையே, கல்யாண சூட்டுக்கு அளவு கொடுக்க டவுனுக்கு வந்த மாலகி இங்கே வந்தார். தேநீர் வேண்டாம் என்றார், வேண்டாம் என்றார், மூன்றாவது தடவை கேட்டதும் உட்கார்ந்தார். மேஜையில் இருந்தவரைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“இது உங்க வீட்டுப் பிள்ள இல்லையே” என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். தேநீர் முடிந்ததும், “அவகிட்ட சொல்லிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல.”

“பயந்துக்குவா. காரணம் தேடிட்டே இருக்கா, அது எனக்குத் தெரியும். என்னைப் பிடிக்காம இல்ல. அந்த வீட்ட விட்டு ஒரு நாள் வெளிய வரணும்ல, அதான்.” தொப்பியை எடுத்துக்கொண்டார். “அந்த வேலி எந்தப் பக்கம்னு சொன்ன?”

இன்று மத்தியானம் அவருடைய வண்டி என் வாசலில் வந்து நின்றது. பின்பக்கக் கதவைத் திறந்து காட்டினார். கன்றுக்குட்டிகளை ஏற்றிப்போகிற வண்டியில், வைக்கோலுக்கு நடுவில், ஒருவர் மேல் ஒருவர் இடிக்காதபடி சாக்கு சொருகி, அந்த வேலியடியில் நின்ற அத்தனை குழந்தை இயேசுக்களும் பஸ்ஸில் போகிறவர்கள்போல நின்றார்கள். நீலக் காலர் வைத்தவர் உட்பட. இருட்டோடு கிளம்பிப் போய், பூங்கா திறக்கும்வரை வாசலில் காத்திருந்து எடுத்து வந்திருக்கிறார்.

“எல்லாத்தையுமா? ஏன், தெரிஞ்சதை மட்டும் எடுத்துட்டு வரவேண்டியதுதானே?”

“பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்கும் ரெண்டு மூணுல சந்தேகம். தப்பா ஒண்ண எடுத்துட்டு வந்து, அவ இல்லைன்னு சொல்லிட்டா? அவளே பாக்கட்டும்.”

“மனுஸ் எப்படி விட்டாரு?”

“பாக்கலைன்னு சொன்னாரு. பாக்காமயே எனக்குத் தூக்கிக் குடுத்தாரு.”

அக்கா, பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றேன், தோட்டத்தைப் பார்த்து நின்றேன் என்றெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அந்த வண்டிக்குள்ளே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்பதை எழுதமாட்டேன்.

சனிக்கிழமை அந்தத் தோட்டத்தில் இன்னொரு பெண்ணுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மாலைக்குள் மற்றவர்கள் எல்லாரும் வேலியடிக்குத் திரும்பியாகவேண்டும், மனுஸ் அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருக்கிறார். ஆகவே யோசிப்பதற்கு உனக்கு வழக்கம்போல வருஷங்கள் இல்லை, ஒரு பகல்தான் இருக்கிறது. மக்கின்லி பிள்ளையை மட்டும் நான் வண்டியில் ஏற்றவிடவில்லை. உன் கல்யாணம் முடிந்ததும் நானே கொண்டுபோய் வைக்கிறேன். அதுவரை என் சமையலறை ஜன்னலில் நிற்கட்டும், கிழக்கே பார்த்து வைத்திருக்கிறேன், அடியில் காசும் இருக்கிறது. ஏன் என்று போனில் கேட்காதே.

இதைத் தபாலில் அனுப்பவில்லை. கொண்டுவந்து கொடுக்கிறவர் மாலகிதான். நீ படித்து முடிக்கும்வரை பேசமாட்டார், முற்றத்தில் வண்டிக்குப் பக்கத்தில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். இங்கே வானம் கறுத்துக்கொண்டு வருகிறது, உன் பக்கமும் அப்படித்தான் இருக்கும். நொண்டிக்கொண்டாவது வாசலுக்குப் போ. பிள்ளைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் அத்தானை உள்ளே கூப்பிடு.